பட்டணத்தில் ஒரு பகல்

காஞ்சியை அடுத்த ஏனாத்தூரிலிருந்து சென்னைப் பட்டணம் சுமார் 70 கிலோ மீட்டர் தொலைவுதான். ஆயினும், காஞ்சித் தறியில் நெய்த சேலை பட்டணத்துக் கடைகளுக்குச் செல்லும் அளவுக்கு அதனை நெய்த இல்லத்தார் அங்குச் செல்வதில்லை. தறி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி குறையுமன்றோ! அவ்வாறு கூலியை இழந்து குடும்பத்துடன் புறப்படும் ஒரு நாளை எங்ஙனம் பயன்படுத்துவது?

அன்பர்களே! பத்து இடங்களுக்கு ஓடாதீர்கள். தொழுகை நேரங்களையே உங்கள் கால அட்டவணையாக்கிக் கொள்ளுங்கள். ஸுபுஹு தொழுததும் புறப்பட்டால், முற்பகலில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைக் காணலாம். 1851இல் தோன்றிய அங்கு, அமராவதிச் சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் உள்ளன. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. பெரிய பள்ளியில் ஜும்ஆ தொழும் ஆவலில் அன்று புறப்படுவோர் இதனை மறத்தலாகாது.

லுஹருக்குத் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலை அடையுங்கள். பெண்கள் தொழும் வசதியை முன்னரே விசாரித்துக் கொள்வது நலம். ஆற்காட்டு நவாப் குடும்பத்தார் 1795இல் எழுப்பிய இப்பள்ளி, மரமும் இரும்புமின்றிக் கருங்கல்லால் ஆனது. இது கட்டப்பட்ட ஹிஜ்ரி 1209ஆம் ஆண்டை எழுத்தெண்ணில் அடக்கிப் பாரசீகக் கவிதை புனைந்தவர் ராஜா மக்கன்லால் என்னும் இந்துப் பெருமகனார். கல்லில் பொறிக்கப்பட்ட அக்கவிதை இன்றும் பள்ளியினுள் உள்ளது. 1972இல் மறைந்த காயிதே மில்லத் அவர்களின் அடக்கத்தலமும் பள்ளி வளாகத்திலேயே இருக்கிறது.

அஸருக்குப்பின் கடற்கரை நோக்கி நடந்தால் சேப்பாக்கம் மாளிகை தென்படும். நவாப் முகம்மது அலி வாலாஜா 1768இல் கட்டுவித்தது அது. கும்பெனியாரிடம் பட்ட பெருங்கடனில் அவர் சிக்குண்டிருந்தார். 1801இல் ஆட்சி கும்பெனியார் கைக்குச் சென்றது. கடைசி நவாப் 1855இல் மறைந்தபின் மாளிகையும் பறிபோயிற்று. 2012இல் அதன் ஒரு பகுதி தீக்கிரையாகிப் பின்னர் புதுப்பிக்கப்பட்டது.

பூமியில் பிரயாணம் செய்து, முன்சென்றோரின் முடிவைச் சிந்திக்குமாறு திருமறை பல இடங்களில் பணிக்கின்றது. அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஒரே குடும்பத்தார் கட்டிய இரண்டு கட்டடங்கள் அருகருகே நிற்கின்றன. தமக்கென எழுப்பிய மாளிகை நூறாண்டுக்குள் கைமாறிற்று. இறைவனுக்கென எழுப்பிய பள்ளியிலோ இன்றும் ஐவேளையும் பாங்கொலி கேட்கின்றது.

மெரினா மணலில் பிள்ளைகளை அமர்த்தி இதனை எடுத்துரையுங்கள். மக்ரிபை முடித்து ஊர் திரும்புங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: இப்பயணத்திற்கென எவரிடமும் கடன் வாங்காதீர்கள். கட்டுச்சோறும் பேருந்துக் கட்டணமுமே போதும். கடன்பட்டுக் காணும் காட்சி எதுவாயினும், மறுநாள் தறியில் அமரும்போது அது மனத்தில் இனிக்காது.