கடலுக்குள் ஓடும் பேட்டரி விமானம் ஏறுமா?

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி வயல்களில் முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கிறார்களே, அந்த பேட்டரி ஸ்பிரேயரின் அடிப்பகுதியைக் கழற்றினால் செங்கல்லைப் போல ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். பல மாடல்களில் அதன்மேல் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருப்பார்கள். இரண்டையும் பெருக்கினால் 96 வாட்-மணி. கையில் எடுத்தால் இரண்டரைக் கிலோவை ஒட்டிக் கனக்கும்.

விமானப் பயணிகள் கொண்டுபோகும் பேட்டரிகளுக்கு உலகம் முழுக்க 100 வாட்-மணிதான் முதல் எல்லைக்கோடு. வயலில் மருந்தடிக்கிறவருக்கு அந்தக் கோட்டால் ஒரு தொல்லையும் இல்லை. கடலுக்கடியில் போகிறவருக்குத்தான் தலைவலி. டைவர்கள் கையில் பிடித்துக்கொண்டு நீருக்குள் சீறிப்போகும் 'கடலடி ஸ்கூட்டர்' இன்று இந்த உருவத்தில் இருப்பதற்குக் கடலின் குணம் பாதிக் காரணம். மீதிப் பாதி விமான நிலையத்தின் விதிப்புத்தகம்.

மோட்டார் தண்ணீருக்குள் ஓடுவதில் அதிசயம் இல்லை. காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்து போர்வெல்களில் சப்மெர்சிபிள் மோட்டார்கள் வருடக்கணக்காக ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்குக் கரண்டு மேலேயிருந்து கேபிளில் இறங்குகிறது. டைவருக்கு அந்த வசதி கிடையாது. மின்சாரத்தைக் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

முதலில் அப்படித் தூக்கிக்கொண்டு போனவர்கள் போர்வீரர்கள். 1941 டிசம்பர் 19 அதிகாலையில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா துறைமுகத்துக்குள் இத்தாலிய முக்குளிப்பு வீரர்கள், டார்பிடோவைக் குதிரை போல ஓட்டிவந்து, குயின் எலிசபெத், வேலியன்ட் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுக்கு அடியில் வெடி வைத்தார்கள். அந்த வாகனத்துக்குள் இருந்தது ஈய-அமில பேட்டரி. போர் முடிந்தபின், 1950-களில், டிமிட்ரி ரெபிகாஃப் போன்றவர்கள் அதே யோசனையைப் படம்பிடிப்பதற்கும் கடலாய்வுக்கும் திருப்பினார்கள்.

ஈயத்தை நாம் லேசில் பழமை என்று ஒதுக்கிவிடுகிறோம். நீருக்குள் அதன் கனம் ஒரு குறையே அல்ல. கடலடி ஸ்கூட்டர் மிதக்கவும் கூடாது, மூழ்கவும் கூடாது. கையை விட்டால் விட்ட இடத்தில் நிற்க வேண்டும். அதற்கு, அது இடம்பெயர்க்கும் நீரின் எடையும் அதன் சொந்த எடையும் சமமாக இருக்க வேண்டும். 20 லிட்டர் கொள்ளளவு உள்ள உடல் என்றால் மொத்த எடை நன்னீரில் 20 கிலோ இருந்தாக வேண்டும், பேட்டரி எதுவானாலும். 10 கிலோ ஈய பேட்டரியை எடுத்துவிட்டு 3 கிலோ லித்தியம் வைத்தால், மீதி 7 கிலோவுக்கு வெறும் ஈயக்கட்டியை உள்ளே கட்ட வேண்டியதுதான். அதைத் தவிர்க்க ஒரே வழி, உடலையே 7 லிட்டர் சுருக்குவது. ஆக, நீருக்குள் லித்தியம் தரும் லாபம் எடையில் இல்லை, இடத்தில். குழாய் குறுகினால் நீரின் இழுவை குறையும்; அதே மின்சாரத்தில் இன்னும் தூரம் போகலாம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. ஏரியில் இறக்கி எடையைச் சரிபார்த்த அதே 20 லிட்டர் ஸ்கூட்டர், கோவளத்துக் கடலில் அரைக் கிலோ விசையோடு மேலே எழும்பப் பார்க்கும். அதற்காகவே டைவர்கள் சின்னச் சின்ன ஈய வில்லைகளைப் பையில் வைத்திருப்பார்கள்.

நீருக்குள் உந்தும் பேட்டரி தமிழ்நாட்டுக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம் மாத்தூரில் உள்ள ஹை எனர்ஜி பேட்டரீஸ் நிறுவனம் டார்பிடோக்களுக்கான வெள்ளி-துத்தநாக பேட்டரிகளைத் தயாரிக்கிறது. சின்ன இடத்தில் பெரும் ஆற்றலை, சில நிமிடங்களில் கொட்டித் தீர்க்கக்கூடிய வேதியியல் அது. வெள்ளியின் விலையையும், திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றினால் சீக்கிரம் தளர்ந்துபோகும் அதன் சுபாவத்தையும் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை டைவருக்கு அது கட்டுப்படியாகாது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கும் 'மத்ஸ்யா 6000' இன்னொரு கோடி. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டிருக்கும் அந்த வாகனத்துக்கு லித்தியம்-பாலிமர் பேட்டரி. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதை நீரில் இறக்கிச் சோதித்தார்கள். அதை யாரும் செக்-இன் கவுன்டருக்குத் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை என்பதால், வாட்-மணிக் கவலை அதற்கு இல்லை.

கவலை, அந்தமானுக்கு டைவிங் போகிற சாதாரணப் பயணிக்கு. மீனம்பாக்கத்தில் அவர் சந்திக்கும் கணக்கு இது. லித்தியம்-அயான் பேட்டரி 100 வாட்-மணிக்குள் என்றால் கொண்டுபோகலாம். 100-லிருந்து 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். உபரியாக இரண்டுக்குமேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் பயணியின் பையில் அதற்கு இடமே இல்லை. தனியாக எடுத்துப்போகும் லித்தியம் பேட்டரி எதுவானாலும் கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி. ஈய-அமிலத்துக்குத் தனி விதி: கசியாத வகை, 12 வோல்ட்டுக்கும் 100 வாட்-மணிக்கும் மிகாமல். எனவே ஸ்பிரேயரின் 8 ஆம்பியர்-மணி பேட்டரி கசியாத வகையாக இருந்தால் தேறும். அதன் அண்ணன் 12 ஆம்பியர்-மணி, 144 வாட்-மணி, தேறாது. அதே 144 லித்தியமாக இருந்தால் அனுமதி கேட்டு ஏற்றலாம்! நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடுக்கு இப்படி வாட்-மணி உச்சவரம்பு கிடையாது. கனமாக இருந்தாலும் பயணம் போகும் டைவர்கள் சிலர் நிக்கலை எளிதில் விடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யுபிஎஸ் சரக்கு விமானத்தில் லித்தியம் பேட்டரிகள் இருந்த பகுதியில் தீப்பிடித்தது. விமானிகள் இருவரும் பிழைக்கவில்லை. லித்தியம்-அயான் செல் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் அதன் வெப்பம் அடுத்த செல்லைத் தூண்டும், அது அதற்கடுத்ததை. சரக்கறையில் பீய்ச்சும் ஹாலான் வாயு சுடரை அடக்கும். செல்லுக்குள் ஓடும் வினையை நிறுத்தாது. 2016 ஏப்ரல் 1 முதல், தனியாக அனுப்பும் லித்தியம்-அயான் பேட்டரிகள் பயணிகள் விமானத்தின் சரக்கறையில் ஏறவே கூடாது. சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்குமேல் சார்ஜ் இருக்கக்கூடாது. கைப்பையில் வை என்று சொல்வதும் இதே காரணத்தால்தான்: கண்ணெதிரே புகைந்தால் அணைக்க ஆள் இருக்கிறது. 2025 அக்டோபர் 19 அன்று டெல்லியிலிருந்து திமாப்பூர் கிளம்பவிருந்த இண்டிகோ விமானத்தில், இருக்கைப் பையில் இருந்த ஒரு பவர் பேங்க் தீப்பிடித்தபோது ஊழியர்கள் அங்கேயே அணைத்துவிட்டார்கள்.

விதி இப்படி என்றதும் பொறியாளர்கள் அதற்குள் புகுந்து விளையாடினார்கள். சப்ளூ நிறுவனத்தின் ஒயிட்ஷார்க் மிக்ஸ் என்ற கைக்கடக்கமான ஸ்கூட்டரின் பேட்டரி 122 வாட்-மணி; அனுமதி வாங்கினால் ஏறிவிடும். அமெரிக்காவின் டைவ் எக்ஸ்ட்ராஸ், தன் பிளாக்டிப் ஸ்கூட்டருக்கென்று தனி பேட்டரியே செய்யவில்லை. தச்சரும் பிளம்பரும் டிரில்லிங் மெஷினில் மாட்டும் பேட்டரிகளில் இரண்டைச் செருகிக்கொள்ள இடம் விட்டது. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி டூல் பேட்டரி 90 வாட்-மணிதான், அனுமதியே வேண்டாம். பழுதானால் எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் தேடலாம். இந்த வகையில் டிவால்ட்டின் ஃப்ளெக்ஸ்வோல்ட் ஒரு படி மேலே போகிறது. அதன் வாய்க்கு ஒரு மூடி உண்டு. மூடியை மாட்டியதும் உள்ளே இருக்கும் செல்கள் மின்னிணைப்பில் மூன்று தனிக் குழுக்களாகப் பிரிந்துவிடும். லேபிளிலும் அப்படியே இருக்கும்: பயன்பாட்டில் 108, பயணத்தில் 3 × 36. சாமர்த்தியம்தான். ஆனால் கவுன்டரில் இருப்பவர் கண்ணில் 108 மட்டும் பட்டால் வாதாட நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். லேபிள் அழிந்துபோன பேட்டரியாக இருந்தால் வாதாடவும் வழியில்லை.

சின்ன பேட்டரியில் எவ்வளவு தூரம் போக முடியும்? இது டைவரின் பொறுமையைப் பொறுத்தது. நீரில் வேகத்தை இரட்டிப்பாக்கினால் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. பேட்டரி எட்டில் ஒரு பங்கு நேரத்தில் தீரும். கடந்த தூரமும் நாலில் ஒன்றாகச் சுருங்கும். விளம்பரத்தில் அதிகபட்ச வேகத்தையும் அதிகபட்ச நேரத்தையும் அடுத்தடுத்து அச்சிடுவார்கள். இரண்டும் ஒரே சவாரியில் கிடைக்கா.

குகைகளுக்குள் கிலோமீட்டர் கணக்கில் போகிறவர்களின் பெரிய ஸ்கூட்டர்களுக்கு இந்த 160 கோடு எந்த விதத்திலும் போதாது. அப்படிப்பட்டவர்கள் பேட்டரியை ஆபத்தான பொருள் என்று அறிவித்துச் சரக்கு விமானத்தில் முன்கூட்டியே அனுப்புகிறார்கள், அல்லது போகிற இடத்தில் வாடகைக்கு எடுக்கிறார்கள். பத்து நாள் விடுமுறைக்காரருக்கும் வாடகைதான் உத்தமம் என்று தோன்றுகிறது.

சொந்த ஸ்கூட்டரோடுதான் போவேன் என்பவர்கள் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் வைத்த பிறகு, வெற்று உடலை இறுக மூடி செக்-இன் செய்யக்கூடாது. சரக்கறையின் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு இறங்கும். உள்ளே அடைபட்ட காற்று மூடியை வெளியே தள்ளும். அதனால் மூடியில் உள்ள ஓ-ரிங்கைக் கழற்றி, சிலிக்கோன் கிரீஸோடு ஒரு சின்ன டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்பு போர்ட் பிளேர்) இறங்கி அதைத் திரும்ப மாட்டும்போது வெளிச்சத்தில் பிடித்து விரலால் ஒரு சுற்று தடவிப் பார்க்க வேண்டும். ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலும் போதும், முதல் பத்து மீட்டரிலேயே உப்புநீர் லித்தியம் செல்களைத் தேடி உள்ளே வந்துவிடும்.