மொட்டைக் கடிதாசியின் முத்திரை

கைக்குள் ஒரு ஜன்னல் – 11

செல்போன் வருவதற்கு முன்பு ஊரில் யாரையாவது கவிழ்க்க வேண்டுமென்றால் மொட்டைக் கடிதாசி போடுவார்கள். கல்யாணம் நிச்சயமான வீட்டுக்கு வரும், வாத்தியாரைப் பற்றித் தலைமை ஆசிரியருக்கு வரும், தாலுகா ஆபீசுக்கும் வரும். எழுதியவர் பெயர் இருக்காது. கையெழுத்து தெரிந்துவிடக் கூடாதென்று சிலர் இடது கையால் எழுதுவார்கள். ஆனால் கடிதாசியை வாங்கிய பெரியவர் உள்ளே இருப்பதைப் படிப்பதற்கு முன் உறையைத் திருப்பி அஞ்சல் முத்திரையைத்தான் பார்ப்பார். எந்தத் தபாலாபீசில் விழுந்தது, எந்தத் தேதியில் விழுந்தது என்பது அதில் இருக்கும். யார் போட்டது என்று மட்டும் இருக்காது. அதை ஊகத்தால்தான் நிரப்ப வேண்டும். அந்த ஊகம் தப்பாகி, சம்பந்தமில்லாதவர் சட்டையைப் பிடித்த கதைகளும் உண்டு.

‘இணையத்தில் பேர் போடாமல் எழுதினால் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா? வீடு வரைக்கும் வந்துவிடுவார்களா?’ என்று வாசகர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த முத்திரைதான் நினைவுக்கு வருகிறது. இன்றைய முத்திரை பழையதைவிடத் துல்லியமானது. ஆனாலும் அது முத்திரைதான், ஆளின் முகமல்ல.

பொன்னமராவதி, 2019 ஏப்ரல்

நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 18 அன்று தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. அந்த நேரத்தில் ஒரு வாட்ஸ்அப் ஆடியோ பரவியது. ஒரு சமூகத்தையும் அதன் பெண்களையும் இழிவாகப் பேசும் குரல் அதில் இருந்தது. பேசியது யார், எங்கிருந்து பேசினார் என்பதெல்லாம் கேட்டவர்களுக்குத் தெரியாது. கொதித்துப் போன மக்கள் பொன்னமராவதி காவல் நிலையத்தின் முன் திரண்டார்கள். மறுநாள் கல்வீச்சும் தடியடியுமாக ஊர் கலவரமானது. வாகனங்கள் நொறுங்கின. பொதுமக்களும் போலீஸாரும் காயப்பட்டார்கள். 144 தடை உத்தரவு போடப்பட்டது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மீது வழக்குகள் பதிவாயின.

ஆடியோ தொடர்பான கைதுகள் பிறகுதான் நடந்தன. ஆடியோ ஊரைச் சுற்றி வர எடுத்துக்கொண்ட நேரத்தையும், அதன் பின்னால் இருந்தவர்களைத் தேடிப் போக ஆன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூட்டம் யார் மீது கோபப்படுவது என்று முடிவு செய்தபோது, பேசியவர் யார் என்றே யாருக்கும் உறுதியில்லை.

அப்படியானால், போலீஸ் எப்படித்தான் தேடுகிறது? சினிமாவில் ஒருவர் விசைப்பலகையை நாலு தட்டுத் தட்டினால் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி மின்னும். நிஜத்தில் அது பெரும்பாலும் காகித வேலை.

ஒரு முகவரி, பல வீடுகள்

இணையத்தோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கிடைக்கிறது. அதுதான் ஐபி முகவரி. நீங்கள் ஒரு தளத்தில் எதையாவது எழுதினால், எந்த ஐபியிலிருந்து எத்தனை மணிக்கு வந்தது என்று அந்தத் தளம் பொதுவாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. போலீஸ் அந்த விவரத்தைத் தளத்திடம் முறைப்படி எழுதிக் கேட்கும். பிறகு அந்த ஐபி எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்துடையது என்று பார்த்து, ‘இந்த நேரத்தில் இந்த எண்ணை யாருக்குக் கொடுத்திருந்தீர்கள்?’ என்று நிறுவனத்திடம் கேட்கும். இந்தியாவில் இந்தப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பரிலிருந்து உரிம நிபந்தனை. அதற்கு முன் 1 ஆண்டாக இருந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடிதான். உலகத்தின் செல்போன்களுக்கும் கணினிகளுக்கும் அது போதாது. அதனால் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒரே முகவரியை ஒரே நேரத்தில் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. ஒரே கதவு எண்ணில் ஒரு தெருவே குடியிருப்பது மாதிரி. யார் எந்த அறை என்று பிரிக்க ‘போர்ட்’ எண் வேண்டும், நொடி பிசகாத நேரமும் வேண்டும். தளம் போர்ட் எண்ணைக் குறித்து வைக்கவில்லையென்றால் தேடல் அந்தத் தெருமுனையிலேயே நின்றுவிடும்.

உங்கள் ஐபி எந்த ஊரைக் காட்டுகிறது என்று சொல்லும் தளங்கள் நிறைய இருக்கின்றன. செல்போன் டேட்டாவைப் போட்டுக்கொண்டு, கீரனூரிலோ ஆலங்குடியிலோ உட்கார்ந்து அதைப் பாருங்கள். பல நேரம் சென்னை என்றோ வேறொரு பெரிய நகரம் என்றோ காட்டும். ஆகவே யாராவது போனில், ‘உன் ஐபி அட்ரஸ் எங்ககிட்ட இருக்கு, அரை மணி நேரத்துல வீட்டு வாசல்ல நிப்போம்’ என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். ஐபியிலிருந்து வீட்டுக் கதவுக்கு வரும் வழி தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பதிவேடு வழியாகத்தான் போகிறது. அது சட்டப்படி கேட்பவருக்குத்தான் திறக்க வேண்டும். ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுகிறவர்களுக்கும் இதே பதில்தான். அப்படியொரு கைதே நம் சட்டத்தில் கிடையாது.

ஐந்தரை மணி நேரம்

சட்டப்படி கேட்டாலும் தப்பு நடக்கும். பல சர்வர்கள் சர்வதேச நேரத்தில் ஓடுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. 19ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு நடந்தது, அங்கே 18ஆம் தேதி இரவு 8.30 என்று பதிவாகும். இதைக் கவனிக்காமல் கேட்டால், அதே ஐபியை 18ஆம் தேதி இரவில் வைத்திருந்த வேறு யாரோ ஒருவரின் பெயர் வந்து நிற்கும்.

2007 ஆகஸ்டில் பெங்களூரில் ஒரு மென்பொருள் பொறியாளரைப் புனே போலீஸ் கைது செய்தது. ஆர்க்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படத்தைப் போட்டார் என்பது குற்றச்சாட்டு. ஆதாரம், ஒரு ஐபி முகவரி. அந்த முகவரிக்கு உரியவர் என்று இணையச் சேவை நிறுவனம் கொடுத்த விவரமே தவறு என்று பிறகு தெரிந்தது. அதற்குள் அவர் 50 நாள் சிறையில் இருந்துவிட்டார். முத்திரையைப் படித்தவர்களே தப்பாகப் படித்த கதை இது.

விவரம் சரியாகவே வந்தாலும் அதில் இருப்பது இணைப்பை வாங்கியவர் பெயர்தான், பயன்படுத்தியவர் பெயரல்ல. நம் வீடுகளில் சிம் யார் பெயரில் இருக்கிறது? கல்லூரிப் பையன் வைத்திருக்கும் போனின் சிம் அப்பாவின் ஆதாரில் வாங்கியது. வெளிநாடு போன மச்சானின் சிம்மைத் தங்கச்சி வைத்திருப்பாள். போலீஸ் வந்து கதவைத் தட்டும்போது, எதுவும் புரியாமல் விழித்துக்கொண்டு நிற்பவர் அந்த அப்பாதான்.

டவர் சொல்வது எவ்வளவு?

செல்போன் எந்த டவரோடு பேசுகிறது என்பது பதிவாகிறது. நகரத்தில் டவர்கள் நெருக்கமாக இருப்பதால் சில நூறு மீட்டருக்குள் இடத்தைக் குறுக்கலாம். அன்னவாசல் பக்கத்துக் கிராமங்களைப் போல டவர்கள் தள்ளித் தள்ளி நிற்கும் இடத்தில் அந்த வட்டம் சில கிலோமீட்டராக விரியும். அதற்குள் கண்மாய், முந்திரிக் காடு, நாலைந்து குடியிருப்புகள் எல்லாம் அடங்கிவிடும். டவர் பதிவை மட்டும் வைத்து ‘இந்த வீட்டில்தான் இருந்தார்’ என்று சொல்ல முடியாது. போனில் உள்ள ஜிபிஎஸ் சில மீட்டர் துல்லியம். ஆனால் அது இருப்பது உங்கள் கையிலும், நீங்கள் அனுமதி கொடுத்த செயலிகளிடமும்.

சிம்மை மாற்றிவிட்டால் தப்பிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போனுக்கென்று 15 இலக்க ஐஎம்இஐ எண் தனியாக உண்டு. புதுச் சிம்மைப் பழைய போனில் போட்டால் அந்த எண்ணும் சேர்ந்தே பதிவாகும். வேறொரு சர்வர் வழியாக இணையத்துக்குப் போகும் விபிஎன் சேவையைப் போட்டால் ஐபி முகவரி மறையும்தான். ஆனால் 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு போட்ட உத்தரவுப்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சில வெளிநாட்டு நிறுவனங்கள் அதை ஏற்காமல் இந்தியாவிலிருந்து தங்கள் சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன.

‘குரூப்ல வந்துச்சு சார்’

வாட்ஸ்அப் விஷயம் இன்னும் கடினம். 2016லிருந்து அதில் போகும் செய்திகள் அனுப்புபவர் போனில் பூட்டப்பட்டு, பெறுபவர் போனில்தான் திறக்கின்றன. நடுவில் இருக்கும் நிறுவனத்துக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. எனவே ஓர் ஆடியோ எங்கே தொடங்கியது என்று அறிய, போலீஸ் வாலிலிருந்து தலைக்கு ஊர வேண்டும். ‘உங்களுக்கு யார் அனுப்பினது?’ என்று ஒவ்வொரு போனாக வாங்கிப் பார்க்க வேண்டும். பாதி வழியில் கிடைக்கும் பதில், ‘குரூப்ல வந்துச்சு சார்.’

முதலில் அனுப்பியவரைக் காட்டும் வழியை நிறுவனமே செய்து தர வேண்டுமா என்ற வாதம் பெரிதானது நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்கச் சொல்லி 2018இல் ஆண்டனி கிளமென்ட் ரூபின் என்ற விலங்குநல ஆர்வலர் போட்ட வழக்கு, இந்தக் கேள்வியாக வளர்ந்தது. ஒவ்வொரு செய்தியோடும் முதலில் அனுப்பியவரின் அடையாளத்தை ஒட்டி அனுப்பலாம் என்றார் சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி. அந்த அடையாளத்தையே போலியாக்க முடியும், குற்றவாளி தப்பித்து அப்பாவி மாட்டுவார் என்று மறுத்தார் மும்பை ஐஐடியின் மனோஜ் பிரபாகரன். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதற்குள் மத்திய அரசு 2021 பிப்ரவரியில் விதியே கொண்டு வந்துவிட்டது. கடுமையான குற்றங்களில், உரிய உத்தரவு வந்தால், முதலில் அனுப்பியவரைப் பெரிய நிறுவனங்கள் காட்ட வேண்டும். வாட்ஸ்அப் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது. பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று அதன் வழக்கறிஞர் 2024 ஏப்ரலில் அங்கே சொன்னார்.

அந்த விதியில் ஒரு வரி நம் மாவட்டத்துக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. முதலில் அனுப்பியவர் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவுக்குள் அதை முதலில் அனுப்பியவரையே ‘தொடங்கியவராக’க் கருத வேண்டும். அறந்தாங்கியிலும் பொன்னமராவதியிலும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு உண்டா? அங்கேயிருந்து தம்பி அனுப்பியதைக் கேட்டுப் பதறி, சொந்தக்காரர் குரூப்பில் போட்டுவிடுகிற அக்கா, இந்த விதியின் கண்ணில் அதைத் தொடங்கி வைத்தவர். பேசியது அவரல்ல. ஆனால் இந்திய எல்லைக்குள் முதல் முத்திரை அவருடையது.

நாமே ஒட்டும் முகவரி

அரசுக்கு உத்தரவும் பதிவேடும் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கோ, பின்தொடரும் ஒருவனுக்கோ அவை தேவையில்லை, நாம் வெளியிடுவதே போதும். 2012இல் மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்காஃபி தலைமறைவாக இருந்தபோது, அவரைச் சந்தித்த ஒரு பத்திரிகை வெளியிட்ட புகைப்படத்துக்குள் ஜிபிஎஸ் விவரம் அப்படியே இருந்தது. அவர் குவாத்தமாலாவில் இருப்பதை உலகமே பார்த்தது. மகள் பள்ளிச் சீருடையில் நிற்கும் படம், பின்னால் தெரியும் கடைப் பலகை, தினம் ஒரே நேரத்தில் வைக்கும் பேருந்து நிலைய ஸ்டேட்டஸ் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க எந்தத் தொழில்நுட்பமும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடவிவரம் நீங்கிவிடும், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் நீங்காது. செயலிகளுக்கு இருப்பிட அனுமதியைப் ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றி வையுங்கள். வீட்டு ஆள் யாராவது உங்கள் போனில் நிரந்தர இருப்பிடப் பகிர்வைப் போட்டு வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். பெண்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

ஆக, கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்விக்கு என் பதில் இது. முடியும், பெரும்பாலும் முடியும். ஆனால் கிடைப்பது முதலில் ஓர் இணைப்பு, பிறகு ஒரு கருவி, அதன் பிறகு ஒரு பெயர். அந்தப் பெயருக்கும் குற்றம் செய்த விரலுக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைச் சாட்சியத்தால் நிரப்ப வேண்டியது விசாரணையின் கடமை. நம் பெயரை நமக்குச் சம்பந்தமில்லாத இணைப்புகளில் விட்டு வைக்காமல் இருப்பது நம் கடமை.

மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம். பொதுவாக ஒருவருக்கு 9 வரை அனுமதி. இந்த வாரம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அதைப் பாருங்கள். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் இப்போது யார் கையில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பதில் தெரியாத எண் ஒன்று இருந்தாலும் அங்கேயே புகார் செய்யுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த வாரம் அதிலிருந்து தொடங்குவோம்.