சிக்கன் 65-க்கு ரெட் ஒயின் ஏன் செட் ஆகாது?

கோபாலபுரத்திலிருந்து அண்ணா சாலை புஹாரி ஹோட்டல் கொஞ்ச தூரம்தான். 1965-ல் சிக்கன் 65 பிறந்தது அங்கேதான் என்று சொல்லப்படுகிறது. இன்று சென்னை பார்களில் அதுதான் ஃபேவரைட் சைடிஷ். ஆனால் கூடவே ரெட் ஒயின் ஆர்டர் செய்தால், இரண்டே வாயில் நாக்கு எரியும்.

ஏன்? மிளகாயில் உள்ள கேப்சைசின், சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியைத் தூண்டுகிறது. ஆல்கஹாலும் அதையேதான் சீண்டும். வழக்கமாக 42 டிகிரி செல்சியஸ் வாக்கில் விழிக்கும் இந்த ஏற்பி, ஆல்கஹால் பட்டால் சுமார் 34 டிகிரியிலேயே, அதாவது சாதாரண உடல் சூட்டிலேயே விழித்துக்கொள்ளும். போதாததற்கு ரெட் ஒயினில் இருக்கும் டானின், பாக்கு மென்றதுபோல வாயை வறள வைக்கும்.

அப்போ எது செட் ஆகும்? லேசான இனிப்பு, குறைந்த ஆல்கஹால், நல்ல ஜில். இனிப்பு காரத்தை அடக்கும். நாசிக் பக்கம் விளையும் செனின் பிளாங்க் திராட்சையில் செய்த இனிப்பு ஒயிட் ஒயின் நல்ல சாய்ஸ். (டாஸ்மாக்கையே ‘ஒயின்ஷாப்’ என்று கூப்பிடும் ஊரில் ஒயின் குடிப்பவர்களைத் தேட வேண்டியிருப்பது தனிக்கதை.)

ரெட்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், காரம் குறைத்த மட்டன் வறுவல் கேட்கலாம். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினின் துவர்ப்பை மட்டுப்படுத்தும்.