ஓய்வுகாலக் குடியிருப்பு: ஸ்ரௌவ்வில் பக்கம் போகலாமா?

பிள்ளைகள் மணமாகித் தனியே போய்விட்டார்கள். மாடிப்படி ஏற முழங்கால் நோகிறது. பனி வழிக்க இடுப்பு இடங்கொடுப்பதில்லை. இந்த வயதில் எம்மவர் சிலரது எண்ணம், ஸ்ரௌவ்விலுக்கு வடக்கே பலன்ரேயில் கொல்ஃப் மைதானத்தைச் சுற்றி அமைந்துள்ள ஓய்வுகாலக் குடியிருப்பின் பக்கம் திரும்புகிறது.

நன்மைகள்: பெரும்பாலும் மாடியற்ற வீடுகள். படியில் விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்துக் குறைகிறது. புல் வெட்டுதலும் பனி அகற்றுதலும் மாதக் கட்டணத்தில் அடங்கும். கடுங்குளிரில் பனி வழிப்பது மாரடைப்பைத் தூண்டக்கூடியது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள எமக்கு இது சிறிய விடயமன்று. நீச்சல் தடாகமும் உடற்பயிற்சிக்கூடமும் உள்ளேயே உண்டு.

பாதகங்கள்: இது பராமரிப்பு இல்லமன்று. தாதியோ மருந்து எடுத்துத் தருபவரோ இல்லை. இயலாமற் போனால் மாகாண அரசின் வீட்டுப் பராமரிப்புச் சேவைக்கே விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவமனை மார்க்கத்தில், கோயிலும் தமிழ்க் கடைகளும் அதற்குத் தெற்கே. கார் ஓட்டும்வரை இது தூரமில்லை. ஆனால் ஒன்ராறியோவில் 80 வயதுக்குப் பின் இரண்டு வருடத்துக்கொருமுறை பார்வைச் சோதனையுடன் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். அது கைவிட்டுப் போனால், தமிழில் கதைக்க ஆளில்லாத பனிக்காலத் தனிமையே ஒரு நோயாகிவிடும்.

வாங்குமுன்: கொண்டோமினிய நிர்வாகத்திடம் நிலைச் சான்றிதழ் கேளுங்கள். சட்டப்படி 100 டொலருக்கு மேற்படாமல், 10 நாட்களுக்குள் தரவேண்டும். சேமநிதி போதுமானதா எனச் சட்டத்தரணி பார்த்துச் சொல்வார். கோடையில் மட்டுமன்றி, தை மாதத்திலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

முக்கியமாக, கணவனும் மனைவியும் இருந்து பேசிக்கொள்வோம்: எம்மில் ஒருவர் முந்திப் போனால், மற்றவரால் அங்கே தனியே வாழ முடியுமா?