கிரீட் தீவின் காட்டு மரு

கதம்பம் கட்டும்போது பூக்களுக்கிடையே மரு எனும் பசுந்தழையை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கைபட்டாலே மணம் வீசும் இச்செடி 'ஒரிகானம்' என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பமே இதன் குடும்பமும் ஆகும். மருவின் நெருங்கிய உறவான காட்டுச் செடி ஒன்று, மத்தியதரைக் கடலிலுள்ள கிரேக்க நாட்டுத் தீவாகிய கிரீட்டில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. தாவரவியலார் இதனை 'ஒரிகானம் டிக்டாம்னஸ்' என்பர். மனிதர் பறித்துப் பறித்தே அருகிப்போன இச்செடியைக் காப்பதில் மனிதரின் உழவே பெரிதும் துணை நின்றது. அவ்வரலாற்றைக் காண்போம்.

பாறையில் வாழ்க்கை

செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகளின் வெடிப்புகளே இதன் இருப்பிடம். உயரம் 20 முதல் 30 செ.மீ. வரை இருக்கும். வட்டமான சிறு இலைகளை வெண்ணிற மென்மயிர் கம்பளி போலப் போர்த்தியிருக்கும். கோடையில் இளஞ்சிவப்புப் பூக்கள் தோன்றும்.

கிரீட்டில் மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். கோடையில் அது மிக அரிது. அப்போது செடி எவ்வாறு வாடாமல் நிற்கிறது? காற்றோட்டமில்லாத அறையில் ஈரத்துணி மெதுவாக உலர்வதை நாம் அறிவோம். இலையின் மென்மயிரும் தன்னிடையே காற்றை அசையாமல் நிறுத்தி, நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. அதன் வெண்மை, வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

மணம் தரும் எண்ணெய்

இலையிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் எளிதில் ஆவியாகும் எண்ணெய் உண்டு. அதில் முதன்மையானது கார்வக்ரால். நம் வீட்டுக் கற்பூரவல்லியின் காரமணத்திலும் இதற்குப் பங்குண்டு. ஓமத்திலுள்ள தைமாலுக்கும் கார்வக்ராலுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே. அணுக்கள் அமைந்த இடம்தான் வேறு.

கார்வக்ராலின் கொதிநிலை ஏறத்தாழ 237 டிகிரி செல்சியஸ். எனினும் நீராவியைத் தழையினூடே செலுத்தினால் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே எண்ணெய் வெளிவந்துவிடும். ஒன்றோடொன்று கலவாத நீரும் எண்ணெயும் தனித்தனியே ஆவியழுத்தம் தருகின்றன. இரண்டின் கூட்டுத்தொகை வளிமண்டல அழுத்தத்திற்குச் சமமானதும் கலவை கொதிக்கிறது. இம்முறையால் எண்ணெய் கடும் வெப்பத்தில் சிதையாமல் கிடைக்கிறது.

பயன்கள்

அம்பு தைத்த காட்டாடுகள் இச்செடியைத் தேடித் தின்னும், தின்றால் அம்பு தானே வெளியேறும் என்று சொல்லப்பட்டதை அரிஸ்டாட்டில் குறித்து வைத்துள்ளார். இது வெறும் நம்பிக்கையே. இன்று இதன் தழை மூலிகைத் தேநீராகவும், வெர்மூத் போன்ற மது வகைகளுக்கு மணமூட்டவும் பயன்படுகிறது. சளி இருமலுக்கும் செரிமானத் தொல்லைக்கும் மரபுவழி மருந்தாக ஐரோப்பிய மருந்து முகமை இதனை ஏற்றுள்ளது. நெடுங்காலப் பழக்கமே இதற்கு ஆதாரம்; போதிய மருத்துவச் சோதனைகள் நடைபெறவில்லை.

மலையிலிருந்து வயலுக்கு

அக்காலத்தில் பாறைகளில் தொங்கியபடியே இதனைப் பறித்தனர். தவறி விழுந்து உயிரிழந்தோரும் உண்டு. விதை முதிருமுன் செடியைப் பறித்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு வழியேது? செடி அருகியது. 1992-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வாழிடப் பாதுகாப்பு ஆணை, காக்கப்பட வேண்டிய தாவரங்களுள் இதனையும் சேர்த்தது.

ஆனால் அதற்கு முன்பே, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கிரீட் உழவர்கள் இதனை வயலில் வளர்க்கத் தொடங்கியிருந்தனர். ஹெராக்லியோன் நகருக்குத் தெற்கேயுள்ள எம்பாரோஸ் கிராமமும் அதன் சுற்றுப்புறமும் இப்பயிருக்குப் பெயர்பெற்றவை.

விதை மிகச் சிறியதாகையால் தண்டுத் துண்டுகளை நட்டு வளர்ப்பது எளிது. நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். நீர் மிகுந்தால் வேர் அழுகிவிடும். பூக்கும் பருவத்தில் வேரை விட்டுத் தழையை மட்டும் அறுத்து, நிழலில் உலர்த்துவர்; வெயிலில் காயவைத்தால் எண்ணெயில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். வேர் நிலத்திலேயே இருப்பதால் செடி மீண்டும் தழைக்கிறது.

சந்தைக்கு வேண்டிய தழையை வயலே தருவதால், பாறையில் எஞ்சியுள்ள செடிகள் விதை முதிரும்வரை நிற்க முடிகிறது. நம் மலைகளில் மூலிகை பறிப்போரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வழி இது.