யாருடன் நடக்கின்றோம்?



பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் நாம் தெரிவுசெய்வதில்லை. அவர்களை இறைவன் நமக்குத் தருகின்றார். நண்பர்களையோ நாமே தெரிவுசெய்கின்றோம். ஆதலால் அத்தெரிவுக்கான பொறுப்பும் நமக்கே உரியது.

விவிலியத்தில் நட்பைப் பற்றி விரிவாகப் பேசுவது சீராக்கின் ஞான நூலாகும். சோதித்து அறிந்த பின்னரே ஒருவரை நண்பராக ஏற்கும்படி அதன் 6ஆம் அதிகாரம் அறிவுறுத்துகின்றது. நம் பந்தியில் அமர்ந்து உண்பவர் நமது துன்ப நாளில் காணாமற்போகலாம். எல்லோரோடும் சமாதானமாய் வாழலாம்; எல்லோரிடமும் ஆலோசனை கேட்கலாகாது. 13ஆம் அதிகாரமோ, செருக்குள்ளவரின் தோழமை தாரைப் போல் தொட்டவரின் கையில் ஒட்டிக்கொள்ளும் என எச்சரிக்கின்றது.

"என் மனம் உறுதியானது, எவருடன் பழகினாலும் நான் கெட்டுப்போக மாட்டேன்" என்று சொல்வோர் நம்மிடையே பலர். புனித அகுஸ்தினாரின் நண்பர் அலிப்பியுசும் அவ்வாறே எண்ணினார். உரோமையில் சட்டம் பயின்ற அவர், மனிதர் ஒருவரையொருவர் வெட்டி மாய்க்கும் களரிக் காட்சிகளை அடியோடு வெறுத்தார். ஒருநாள் உடன் பயின்ற நண்பர்கள் வலிந்து அவரை அங்கே இழுத்துச் சென்றனர். கண்களை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். ஆனால் கூட்டத்தின் ஆரவாரம் செவியில் விழுந்ததும் கண்களைத் திறந்தார். அன்றே அக்காட்சிக்கு அடிமையானார். பின்னர் தாமும் பிறரை அங்கே அழைத்துச் செல்பவரானார்.

அகுஸ்தினாரும் தம் 16ஆம் வயதில் நண்பர்களோடு இரவில் சென்று பேரிக்காய்களைத் திருடினார். பசியினால் அல்ல, பெரும்பகுதியைப் பன்றிகளுக்கே எறிந்தார்கள். தனித்திருந்தால் அதைச் செய்திருக்கவே மாட்டேன் எனப் பிற்காலத்தில் அவர் மனம் வருந்தினார். எனினும் நட்பே அவ்விருவரின் மீட்சிக்கும் துணையாயிற்று. 386ஆம் ஆண்டு மிலான் நகரத் தோட்டமொன்றில் அகுஸ்தினார் மனந்திரும்பிய வேளையில் அருகே இருந்தவர் அலிப்பியுசே. மறு ஆண்டு பாஸ்கா விழாவில் இருவரும் புனித அம்புரோசியாரிடம் ஒன்றாகத் திருமுழுக்குப் பெற்றனர்.

அப்படியாயின், பாவிகளோடு பந்தியமர்ந்த நம் ஆண்டவர் தீயோரின் தோழமையை நாடினாரா? இல்லை. அவர் நோயுற்றோரைத் தேடிச் சென்ற மருத்துவர். சக்கேயுவின் வீட்டுக்கு இயேசு சென்றபோது மாறியவர் சக்கேயுவே அன்றி, இயேசு அல்லர். வழிதவறியவரைக் கைதூக்கிவிடச் செல்வது அன்பு. அவர் இழுத்த இடமெல்லாம் பின்செல்வது பேதைமை. நீங்கள் ஒரு நண்பரைச் சந்தித்துவிட்டு வீடு திரும்பும்போது உங்கள் செபமும் உண்மையும் உழைப்பும் வளர்ந்துள்ளனவா, தேய்ந்துள்ளனவா என்று கேட்டுப் பாருங்கள். விடை உங்களுக்கே தெரியும்.

பெற்றோரே, மதுவும் போதைப்பொருளும் பெரும்பாலும் அந்நியன் கையால் அல்ல, நண்பன் கையாலேயே பிள்ளையை வந்தடைகின்றன. வெறுமனே தடைவிதிப்பதால் பயனில்லை. பிள்ளைகளின் நண்பர்களை வீட்டுக்கு அழையுங்கள். அவர்களின் பெயரை அறிந்துகொள்ளுங்கள். குடும்பச் செபத்தில் அவர்களையும் நினைவுகூருங்கள். உங்கள் நண்பர்கள் கூடும்போது நம் வீட்டு விறாந்தையில் எழும் பேச்சைப் பிள்ளைகள் கேட்கின்றார்கள் என்பதையும் மறவாதீர்கள்.

நம் பிள்ளைக்குத் தீய நண்பன் அமைந்துவிடலாகாது என்று அஞ்சுகின்றோம். நம் பிள்ளை பிறருக்கு எத்தகைய நண்பன் என்று எப்போதாவது கேட்டோமா? இழுத்துச் செல்லப்பட்ட அலிப்பியுசே பிறரை இழுத்துச் செல்பவராகவும் ஆனார். நாமும் எவரோ ஒருவருக்கு வழித்துணையாக இருக்கின்றோம். எம்மாவு நோக்கிச் சென்ற சீடரோடு உடன்நடந்த ஆண்டவர் நம்மோடும் நடப்பாராக. நம்மோடு நடப்போர் அவரை அடையாளம் காண்பார்களாக.