கோடையைத் தாண்டும் செர்ரி இறால்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கொளத்தூர் வண்ணமீன் சந்தை தூரமில்லை. அங்கே கப்பி வாங்கப் போகிறவர்களில் சிலர் செர்ரி இறாலோடு திரும்புகிறார்கள். கிழக்காசியாவின் நன்னீர் உயிரான இந்தச் சிவப்பு இறாலின் அறிவியல் பெயர் நியோகாரிடினா டேவிடி. நீளம் மூன்று சென்டிமீட்டருக்குள்தான்.

தொட்டிகளில் வளரும் இன்னொரு வகையான அமானோ இறாலின் குஞ்சு வளர உப்புக் கலந்த நீர் வேண்டும், செர்ரிக்கு வேண்டாம். பெண் இறால் இருபது, முப்பது முட்டைகளை வயிற்றடியில் சுமந்து, நீந்துகால்களால் ஓயாமல் அலசிக்கொண்டிருக்கும். மூன்று நான்கு வாரங்களில், பெரியவற்றின் சாயலிலேயே குட்டிகள் இறங்கும். தொட்டியில் ஜாவா மாஸ் அடர்ந்திருந்தால், அதில் படியும் நுண்ணுயிர்ப் படலமே அவற்றுக்குத் தீனி.

நம் ஊரில் இதற்குப் பெரிய சோதனை வெயில். 20 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏற ஏற இறாலுக்கோ ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும். இரவில் செடிகளும் அதில் பங்கு கேட்கும். அதனால் நீரில் காற்றைக் கலக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரை இரவில் நிறுத்தவே கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. 2017-இல் வெளியான துருக்கி ஆய்வில், 20 டிகிரியில் வளர்ந்த குட்டிகளில் பெரும்பாலானவை பெண். 26 டிகிரியில் பெரும்பாலானவை ஆண். சூடான தொட்டியில் கூட்டம் இருந்தும் முட்டை சுமப்பவை குறைந்துபோகலாம்.

விலை உயர்ந்த சில்லர் இல்லாமலும் சமாளிக்கலாம். கம்ப்யூட்டரில் சுழலும் சிறு விசிறி ஒன்றை நீர்ப்பரப்பை நோக்கிச் சாய்த்து ஓடவிடுங்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். புழுக்கமான நாளில் பலன் குறையும். ஆனாலும் இரண்டு டிகிரி இறங்கினாலே இறாலுக்குப் பெரிய ஆறுதல்.

நீர் ஆவியானாலும் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவைப் போர் தண்ணீரால் நிரப்பினால், கரைந்த உப்பின் அளவான டிடிஎஸ் ஏறிக்கொண்டே போகும். அந்த ஈட்டுக்கு ஆர்ஓ தண்ணீரே சரி. ஆனால் தண்ணீர் மாற்றும்போது வெறும் ஆர்ஓ கூடாது. கால்சியமும் மக்னீசியமும் இல்லாமல் ஓடு உறுதியாகாது.

ஓடு கழற்றுவதைக் கிட்டே இருந்து பாருங்கள். தலைப்பகுதிக்கும் வயிற்றுக்கும் நடுவே மேலோடு பிளக்கும். உடலை வளைத்து ஒரே துள்ளலில் இறால் வெளியே வரும். மீசை, கால் எல்லாம் அப்படியே இருக்க, வெற்று ஓடு மட்டும் கிடக்கும். அதை எடுத்துவிடாதீர்கள், தாதுச்சத்துக்காக இறால்களே அதைத் தின்னும். தாது குறைந்தாலோ நீரின் தன்மை சட்டென்று மாறினாலோ, பாதியில் சிக்கி இறால் செத்துவிடும்.

மீன்களுக்கான மருந்துகள் சிலவற்றில் இருக்கும் தாமிரம் இறாலுக்கு நஞ்சு. கொசுவிரட்டியில் உள்ள பைரித்ராய்டு அதைவிடக் கொடியது. தொட்டி இருக்கும் அறையில் கொசுவலையே பாதுகாப்பு.

பெருகிய இறாலைப் பருத்திப்பட்டு ஏரியிலோ செம்பரம்பாக்கத்திலோ விடாதீர்கள். ஜெர்மனியின் கில்பாக் ஓடையில், மின்நிலையம் வெளியேற்றும் வெந்நீரின் துணையால் இதே இறால் நிலையாகக் குடியேறிவிட்டது. நம் ஏரிகளுக்குள் வெளிநாட்டு உயிர் ஒன்றை நாமே கொண்டுவிட வேண்டாம். மிஞ்சியதை இன்னொரு வளர்ப்பாளருக்குக் கொடுங்கள்.